கிடேரிக் கன்று: பிறந்த நாளிலிருந்து முதல் சினை ஊசி வரை, படிப்படியாக

பதினெட்டு மாதமாகியும் கிடேரி பருவத்துக்கு வரவில்லை, ஏதாவது ஊசி போட்டால் சரியாகுமா என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்று மாதத்தில் அந்தக் கன்று என்ன எடை இருந்தது? பெரும்பாலும் பதில் வராது. யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

கிடேரி பருவத்துக்கு வருவதை வயது தீர்மானிப்பதில்லை, எடைதான் தீர்மானிக்கிறது. வளர்ந்த மாட்டின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தொட்டால் சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, தயார். ஜெர்சி கலப்பினத்துக்கு அது 210 முதல் 220 கிலோ. கன்று 24 கிலோவில் பிறந்து தினம் 400 கிராம் கூடினால் 16 மாதத்தில் அங்கே போய்விடும். தினம் 250 கிராம்தான் என்றால் 25 மாதம் ஆகும். இடைப்பட்ட ஒன்பது மாதமும் பால் தராத மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும்.

கீழே உள்ள எண்களெல்லாம் ஜெர்சி கலப்பினத்துக்கு. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் வைத்திருப்பவர்கள் எடையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். காங்கேயம் போன்ற நாட்டு மாட்டுக்கு முறை இதேதான், ஆனால் எண்கள் பொருந்தாது, காலமும் கூடுதலாக ஆகும்.

1. கன்று பிறப்பதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை

டிங்சர் அயோடின், கெட்டியான நூல், புது பிளேடு, இரண்டு உலர்ந்த சாக்கு, லிட்டர் அளவுக் குவளை, நிப்பிள் மாட்டிய பால் பாட்டில், ஒரு நோட்டு, தையல்காரர் டேப். எல்லாம் ஒரு பையில் கட்டுத்தறிப் பக்கமே தொங்கட்டும். மாடு கன்று போடுவது பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில்தான். அப்போது அயோடின் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தாய் மாட்டைக் கடைசி இரண்டு மாதம் கறக்காமல் வற்ற விடுங்கள். வயிற்றில் கன்று வேகமாக எடை போடுவது இந்தக் காலத்தில்தான், சீம்பால் கெட்டியாக ஊறுவதும் இப்போதுதான். எட்டாம் மாதம் வரை பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, கன்று சவலையாகப் பிறந்தது என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைக் கன்று பிறந்து ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரியில் பணம் போடும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்படிப் பிறக்கும் கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சினை பிடிக்காது. தாயின் வயிற்றில் இரண்டுக்கும் ரத்த ஓட்டம் கலந்துவிடுவதால், காளைக் கன்றின் ஹார்மோன் கிடேரியின் கருப்பையை வளர விடாமல் செய்துவிடுகிறது.

2. முதல் இரண்டு மணி நேரம்: மூச்சு, தொப்புள், சீம்பால்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை விரலால் வழித்து எடுங்கள். தாயை நக்க விடுங்கள். நக்கினால் ரத்த ஓட்டம் சுறுசுறுப்பாகும், உடம்பும் காயும். தாய் நக்கவில்லை என்றால் சாக்கை வைத்து நெஞ்சைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்து தொப்புள்கொடி. உடம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, மிச்சமுள்ள கொடியை அயோடினில் முக்குங்கள். மேலே தடவினால் போதாது. சின்ன மூடியில் அயோடினை ஊற்றிக் கொடி முழுவதும் நனையும்படி முக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து செய்யலாம். ஈரக் கொடி வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் ஏறும். இரண்டு வாரம் கழித்துக் கன்றின் முட்டி வீங்கினால் பலர் கால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். பல நேரம் அது தொப்புளில் ஆரம்பித்த சீழ்தான்.

அப்புறம் சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள், முதல் தவணை உள்ளே போக வேண்டும். முதல் நாள் முழுவதற்கும் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு: 24 கிலோ கன்றுக்கு சுமார் இரண்டரை லிட்டர். அதில் பாதியை முதல் தவணையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. மாட்டில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் வழியாக மட்டுமே போகும். அதைக் கன்றின் குடல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்வதும் முதல் சில மணி நேரம்தான். மணிக்கு மணி அந்த வழி அடைந்துகொண்டே வந்து ஒரு நாளில் மூடிவிடும். மறுநாள் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சத்துள்ள பால்தான்.

“நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்ட விடலாம்” என்று இன்னும் பல வீடுகளில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நானும் ஒரு முறை கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்குப் பிறந்த கன்று; நஞ்சுக்கொடி விழுந்தது விடியற்காலை. கன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் கழிச்சல் பிடித்து ஆறாம் நாள் போய்விட்டது. உண்மையில் கன்று ஊட்டினால்தான் நஞ்சுக்கொடி சீக்கிரம் விழும்: மடியை முட்டும்போது சுரக்கும் அதே ஹார்மோன்தான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் விழவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடும் வேலை வேண்டாம்.

3. அளப்பது: மாதம் ஒரு தடவை, ஐந்து நிமிடம்

இதைப் பின்னால் வைக்காமல் இங்கேயே சொல்லக் காரணம், இனி வரும் பால் அளவு, மருந்து அளவு எல்லாமே எடையை வைத்துத்தான்.

கன்றைச் சமதரையில், நாலு காலும் நேராக ஊன்றும்படி நிறுத்துங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பை ஓட்டி அங்குலத்தில் சுற்றளவு எடுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், இறுக்கக் கூடாது. அடுத்து தோள்பட்டையின் முன்முனையிலிருந்து வால் பக்கம் துருத்தும் பிட்டத்து எலும்பு வரை நீளம்.

சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = எடை கிலோவில்.

உதாரணமாகச் சுற்றளவு 40 அங்குலம், நீளம் 36 அங்குலம் என்றால் 40 × 40 × 36 = 57,600. அதை 660 ஆல் வகுத்தால் 87 கிலோ.

தராசு அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் ஒரே ஆள், ஒரே டேப், காலையில் தீவனம் போடும் முன் என்று வைத்துக்கொண்டால் இந்த மாதத்துக்கும் போன மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும். நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். தையல்காரர் டேப் 60 அங்குலம் வரும். சினை ஊசிக்குத் தயாராகும் வரை அதுவே போதும்.

நோட்டில் எழுத வேண்டிய இலக்கு: மூன்று மாதத்தில் 55 முதல் 60 கிலோ, ஆறு மாதத்தில் 95, ஒரு வருடத்தில் 170. இரண்டு மாதம் தொடர்ந்து தினசரி 300 கிராமுக்குக் கீழே இருந்தால் எங்கோ கோளாறு. கண்ணை நம்பாதீர்கள். தினம் பார்க்கும் கன்று சவலையாவது கண்ணுக்குத் தெரியாது. விருந்தாளி வந்து “என்ன இது, வயிறு மட்டும் இருக்கு?” என்று கேட்கும்போதுதான் உறைக்கும்.

4. பால்: எவ்வளவு, எப்படி

முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. சொல்லும்போது சிக்கலாகத் தெரியும். கணக்குப் போட்டால், கன்று வளர வளரப் பங்கு குறைவதால், மூன்று மாதமும் ஏறக்குறைய தினம் இரண்டரை லிட்டர்தான். மொத்தம் 220 லிட்டர் பால். இந்த 220 லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நாம் முன்னால் கணக்குப் போட்ட ஒன்பது மாதத் தீவனத்தை இழக்கிறோம்.

நம் பக்கத்தில் கன்றை விட்டுச் சுரப்பு விட்டதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கடைசியில் மீதி இருப்பது கன்றுக்கு. இதில் கன்று குடித்தது அரை லிட்டரா, இரண்டு லிட்டரா என்று யாருக்கும் தெரியாது. மடியை முட்டிக்கொண்டே இருந்தால் குடிக்கிறது என்று நினைப்போம். பால் இல்லாத மடியைத்தான் கன்று அதிகம் முட்டும். அளந்து பாட்டிலில் கொடுப்பது ஒரு வழி. அது சரிப்படாது என்றால் ஒரு காம்பை முழுதாகக் கறக்காமல் கன்றுக்கு விட்டுவிட்டு, வாரம் ஒரு நாள் அந்தக் காம்பை மட்டும் தனியாகக் கறந்து அளந்து பாருங்கள்.

பாட்டிலில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பாட்டில் கன்றின் தலை உயரத்துக்கு இருக்கட்டும். கன்றின் மூக்கு வானத்தைப் பார்க்கும்படி தூக்கினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பால் இளஞ்சூடாக, தினமும் ஒரே நேரத்தில். பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள். கன்றுக் கழிச்சலில் நான் பார்த்த பாதி அழுக்குப் பாட்டிலில் வந்ததுதான்.

5. இரண்டாம் வாரம்: வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை கட்டுவது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

பிறந்த கன்றுக்கு அசைபோடும் பெருவயிறு பேருக்குத்தான் இருக்கும். குடிக்கும் பால் அதைத் தொடாமல், ஒரு குழாய் மாதிரி மடியும் வழியில் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். பெருவயிற்றின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் துளிர்கள் வளர வேண்டும். தானியம் அங்கே புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் அவற்றை வளர்க்கின்றன. பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கு அவை வளராது. வைக்கோலும் புல்லும் வயிற்றைப் பெரிதாக்கும், தசையைப் பலப்படுத்தும். ஆனால் துளிர்களை வளர்ப்பதில் தானியத்துக்கு ஈடாகாது. வைக்கோலை மட்டும் கடித்து வளர்ந்த கன்றுக்குப் பானை வயிறும் ஒட்டிய முதுகும் இருப்பது அதனால்தான்.

ஆகவே இரண்டாம் வாரத்திலேயே கன்றுத் தீவனம் ஆரம்பியுங்கள். கடையில் கன்றுத் தீவனம் என்றே கிடைக்கிறது. வீட்டில் கலப்பதென்றால் 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 35, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மக்காச்சோளத்தை மாவாக அரைக்காமல் குருணையாக உடையுங்கள். மாவு மூக்கில் ஏறும், வாயில் ஒட்டும். புண்ணாக்கில் பூஞ்சை வாடை வந்தால் அந்த மூட்டை வேண்டாம். யூரியா கலந்த எதையும் ஆறு மாதம் வரை பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பெரிய மாட்டின் பெருவயிறு யூரியாவைச் சமாளிக்கும், கன்றால் முடியாது.

முதல் சில நாள் கன்று தானாகத் தின்னாது. பால் குடித்து முடித்த கையோடு, இன்னும் சப்பிக்கொண்டிருக்கும் வாயில், விரலில் கொஞ்சம் தீவனத்தை ஒட்டி வையுங்கள். மூன்று நான்கு நாளில் பழகிவிடும். ஒரு கைப்பிடியில் தொடங்கி, தின்னத் தின்னக் கூட்டுங்கள். மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். எச்சில் பட்டுப் புளித்ததைக் கன்று மோந்துகூடப் பார்க்காது.

தண்ணீரும் இதே வாரத்திலிருந்து எப்போதும் இருக்க வேண்டும். “பால்தான் குடிக்குதே, தண்ணி எதுக்கு?” என்று எல்லோரும் கேட்பார்கள். பால் பெருவயிற்றுக்குப் போவதில்லை என்று பார்த்தோம். அங்கே தானியம் புளிக்க ஈரம் வேண்டும். வாளியில் குடிக்கும் தண்ணீர்தான் அதைத் தருகிறது. தண்ணீர் வைக்காத கன்று தீவனமும் குறைவாகத்தான் தின்னும்.

பாலை நிறுத்துவது எப்போது? தொடர்ந்து மூன்று நாள் தினமும் 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை தீவனம் தின்றால் நிறுத்தத் தொடங்கலாம். நாள்காட்டியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறையுங்கள். திடீரென நிறுத்திய கன்று அடுத்த மாதம் டேப்பில் அப்படியே நிற்கும்.

6. குடற்புழு, கொம்பு, உண்ணி

முதல் குடற்புழு மருந்து 10 முதல் 14ஆம் நாளுக்குள். பிறந்து பத்து நாள்தானே ஆகிறது, அதற்குள் புழு எங்கிருந்து வரும் என்று தோன்றும். உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே வரும். எருமைக் கன்றுகளில் இது இன்னும் அதிகம். அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது டேப்பில் வந்த எடையைச் சொல்லுங்கள். “சின்னக் கன்னுதான், பாதி போதும்” என்று ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். கன்று மண் தின்றாலோ சுவரை நக்கினாலோ புழுவையும் தாது உப்புக் குறைவையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொம்புக் குருத்தைச் சுடுவது என்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள். அதுவரை குருத்து மண்டையோட்டில் ஒட்டாமல் தோலில்தான் இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு மருத்துவர் செய்யட்டும்.

உண்ணியைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். கலப்பினக் கன்றுக்கு உண்ணி வழியாக வரும் ரத்தக் காய்ச்சல் நாலைந்து நாளில் உயிரை எடுத்துவிடும். காதுக்குள், வாலடியில், தொடை இடுக்கில் வாரம் ஒரு முறை கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கன்றுக்கு மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. கொட்டகைச் சுவர் வெடிப்பிலும் அடிக்க வேண்டும், முட்டை அங்கேதான் இருக்கும்.

7. கழிச்சல் வந்தால்

கன்றைக் கொல்வது கழிச்சல் அல்ல, உடம்பிலிருந்து போகும் தண்ணீர். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே பழைய நிலைக்குப் போகாமல் மடிப்பு நின்றாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, உடனே மருத்துவர். அவர் வரும் வரை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாலோடு கலக்காதீர்கள், வயிற்றுக்குள் பால் சரியாக உறையாது. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பாலை அடியோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. கழிச்சலில் இருக்கும் கன்றைப் பட்டினியும் போட்டால் எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது.

8. நான்காம் மாதம் முதல் தடுப்பூசி

கோமாரி: நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் ஆறு மாதத்தில் தொடங்கி, வருடம் ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன்.

கன்று வீச்சு நோய்க்கான (சினை கலையும் நோய், புரூசெல்லோசிஸ்) ஊசி நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள், கிடேரிக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. இந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு போட மாட்டார்கள். அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே தேதியைக் குறித்து வையுங்கள். ஊசிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் உடம்பு ஊசியை நன்றாக ஏற்கும்.

9. மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம்: பட்டினியும் கூடாது, கொழுப்பும் கூடாது

பால் நின்ற பிறகு கன்றை மறந்துவிடுவது வழக்கம். கறக்கிற மாட்டுக்கு நல்ல தீவனம், கிடேரிக்கு அது விட்ட மிச்சம். மேலே சொன்ன 250 கிராம் கணக்கு இங்கேதான் பிறக்கிறது.

ஆறு மாதம் வரை தினம் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ கன்றுத் தீவனம். அதன் பிறகு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ சாதாரண அடர் தீவனம். பசுந்தீவனம் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ, ஒரு வருடத்தில் பத்திலிருந்து பதினைந்து கிலோ. கோ-5 மாதிரிப் புல் மட்டும் போடாமல் அதில் மூன்றில் ஒரு பங்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி என்று பயறு வகையாக இருக்கட்டும். புல்லில் புரதம் குறைவு, எலும்பும் சதையும் கட்ட அது போதாது. சவுண்டல் தழை போடுவதானால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள நச்சு முடியை உதிர்க்கும்.

எதிர்ப் பக்கத் தவறும் உண்டு. மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பது பத்து மாதம் வரை மடியின் பால் திசு உடம்பைவிட வேகமாக வளர்கிறது. இந்த நேரத்தில் தானியத்தை அள்ளிக் கொட்டிக் கன்றைக் கொழுக்க வைத்தால் பால் திசுவுக்கான இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். கிடேரி பளபளவென்று இருக்கும், சந்தையில் விலையும் போகும், கறக்கும்போதுதான் ஏமாற்றம். டேப்பில் தினசரி 600 கிராமைத் தாண்டிப் போய், வாலடியில் கொழுப்பு திரண்டால் தானியத்தைக் குறைத்து பயறு வகைத் தழையைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, வடித்த சோறும் கூழும். வீட்டு மிச்சத்தைக் கன்றுக்கு ஊற்றுவது நமக்குக் கைப்பழக்கம். சோறு பெருவயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். மாடு உப்பி விழும். மாட்டுப் பொங்கல் அன்று ஆசையாக அண்டாப் பொங்கலை வைத்துவிட்டு மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடுபவர்கள் வருடா வருடம் உண்டு. வாயில் ஒரு உருண்டை கொடுங்கள், போதும்.

10. சினை ஊசி: டேப் சொல்லும் வரை பொறுங்கள்

ஒரு வருடம் தாண்டியதும் பருவ அறிகுறி தெரியத் தொடங்கலாம்: ஓயாமல் கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி போன்ற சளி வாலில் ஒட்டியிருக்கும். கிடேரியில் சில நேரம் கத்தலே இருக்காது, சளி மட்டும்தான். காலையில் கட்டுத்தறிக்குப் போனதும் வாலையும் படுத்த இடத்தையும் பார்க்கப் பழகுங்கள். முதல் பருவத்தில் ஊசி வேண்டாம். தேதியை எழுதி வையுங்கள். சுமார் 21 நாள் கழித்து மறுபடி வரும்.

ஊசிக்கு இரண்டு விஷயம் சேர வேண்டும்: டேப்பில் 210 கிலோ, நோட்டில் சீரான இரண்டு மூன்று பருவங்கள். என் கிடேரி ஒன்றுக்கு 170 கிலோவில் போட்டேன், பார்க்க வாட்டசாட்டமாக இருந்ததால். கன்று குறுக்கே சிக்கி, மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. தாய் பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. இன்னும் வளர்ந்து முடிக்காத உடம்பு, தனக்கும் வயிற்றிலுள்ளதற்கும் பங்கு போட்டதில் அந்த ஈற்றில் பாலும் பாதிதான்.

காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போடுபவரிடம் இது கிடேரி என்பதை முதலிலேயே சொல்லுங்கள்; சிறிய உடல் ஜெர்சி கலப்புக் கிடேரிக்குப் பெரிய உடல்வாகு இனத்து விந்து வேண்டாம்.

போட்ட தேதி, விந்து எடுத்த காளையின் எண், இரண்டையும் எழுதுங்கள். 21ஆம் நாள் மறுபடி சளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றாலும் சினை என்று முடிவு கட்டாமல், மூன்றாம் மாதம் மருத்துவரை வைத்துக் கைவிட்டுப் பார்த்துவிடுங்கள். அதுவரை குடற்புழு மருந்து எதையும் அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், சில மருந்துகள் இளம் கருவைக் கெடுக்கும். சினை உறுதி என்றால் ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாள் எண்ணி நோட்டில் வட்டம் போடுங்கள். அதற்குப் பத்து நாள் முன்பே டிங்சர் அயோடின் புதுப் பாட்டில் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள், பழையது காற்று போய்ச் சாயம் வெளுத்திருக்கும்.